அறுபதினாயிரம் பேரின் கொடி

கப்பலில் உத்தியோகம் பார்த்தவன் என்று தெரிந்ததும் எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்து அன்பர்கள் முதலில் கேட்பது, எத்தனை தேசங்கள் பார்த்தீர்கள் என்பதைத்தான். சரக்குக் கப்பலின் மாலுமி தேசங்களின் பின்கட்டை மட்டுமே பார்க்கிறான் என்பதை அவர்களுக்கு விளக்குவது சிரமம். பண்டகசாலைகளின் முதுகையும், பாரந்தூக்கிகளின் கால்களையும், சுங்கச்சாவடிக்கு வெளியே ஓடும் ஒரு தெருவையும், அத்தெருவில் மாலுமிகளை நம்பிப் பிழைக்கும் மூன்று நான்கு கடைகளையும் கண்டுவிட்டு, கண்டம் முழுவதையும் கண்டவன்போல் ஊரில் வந்து பேசுவது எங்கள் தொழிலுக்கே உரிய சம்பிரதாயம். நானும் அவ்விதம் பேசியவனே. ஆயினும் 1976ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் தேதி சுதந்திரம் பெற்று, நான் இறங்கிய நவம்பர் மாதத்தில் ஐந்து மாதமே நிறைந்திருந்த சீஷெல்ஸ் தீவுகளைப் பற்றி மட்டும் சற்று உரிமையோடு பேசலாம் என்று நினைக்கிறேன். ஏனெனில் அந்த தேசத்தின் கொடியை நாங்களே தைத்தோம்.

இதைச் சற்று விளக்க வேண்டும். எங்கள் கப்பலில் இரண்டாம் அதிகாரியாகிய என்னுடைய பராமரிப்பில் இருந்தவை கடல் வரைபடங்கள், திசைகாட்டி, குரோனாமீட்டர் என்னும் நுட்பக் கடிகாரம், கொடிப் பெட்டி ஆகியவை. கொடி என்றதும் ஏதோ அலங்காரம் என்று வாசகர்கள் எண்ணிவிடலாகாது. கப்பலின் பின்புறத்தில் பறப்பது அதன் சொந்த தேசத்துக் கொடி. அந்நிய நாடொன்றின் துறைமுகத்துக்குள் நுழையும்போதோ, அந்நாட்டின் கொடியைக் கப்பலின் கொடிமரத்தின் வலப்புறக் குறுக்குக் கட்டையின் முனையில் ஏற்றியாக வேண்டும். விருந்துக்கு வந்தவன் வீட்டுக்காரருக்குச் சொல்லும் வணக்கம் அது; அதனாலேயே அதற்கு மரியாதைக் கொடி என்று பெயர். அதை ஏற்ற மறந்தாலும், கந்தலாக ஏற்றினாலும், தலைகீழாக ஏற்றினாலும் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். அந்தக் கோபம், வீடு எவ்வளவு புதிதோ அவ்வளவு அதிகமாக இருக்கும் என்பது எங்கள் அனுபவம்.

எனக்கு முந்திய தலைமுறையினருக்கு இது மிக லேசான காரியமாயிருந்தது. இந்து மகாசமுத்திரத்தைச் சுற்றி வரவேண்டுமானால் பிரிட்டிஷ் கொடி ஒன்று, பிரெஞ்சு மூவர்ணம் ஒன்று, போர்ச்சுகீசியக் கொடி ஒன்று, இவற்றோடு இரண்டொரு சுல்தான்களின் கொடிகள் இருந்தால் போதும். நான் தொழிலுக்கு வந்த காலமோ சாம்ராஜ்யங்கள் மடிந்து தேசங்கள் முளைத்த காலம். 1960ஆம் ஆண்டு ஒன்றிலேயே ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் சுதந்திரம் பெற்றன. 1965இல் மாலத்தீவும், 1968இல் மொரீஷியஸும், 1975இல் மொசாம்பிக்கும் கொமோரோவும் வரிசையாக வந்தன. பம்பாயில் கொடி விற்பவர் ஒரு நாட்டின் கொடியைத் தைத்து அனுப்புவதற்குள் அடுத்த நாடு பிறந்துவிடும். பூகோள சாஸ்திரத்தை நான் பள்ளிக்கூடத்தில் கற்றதைக் காட்டிலும் கொடிப் பெட்டியிடம் கற்றது அதிகம்.

அந்தப் பிரயாணத்தில் எங்களுக்கு சீஷெல்ஸின் மாஹே தீவுக்குப் போகும் உத்தரவு பம்பாயில் மூட்டை ஏற்றும் கடைசி நாட்களில்தான் வந்தது. அரிசியும் துணியும் சில்லறைச் சாமான்களும் கொண்டுபோய் இறக்கிவிட்டு, கொப்பரையும் லவங்கப்பட்டையும் ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். கடையில் சீஷெல்ஸ் கொடி இல்லை. பழைய காலனிக் கொடிதான் இருந்தது. அதை ஏற்றிக்கொண்டு போவதைவிட வெறுங்கையோடு போவதே மேல் என்று கேப்டன் சொல்லிவிட்டார். பம்பாயிலிருந்து மாஹேவுக்கு ஏறத்தாழ 1,750 கடல்மைல். வழியில் கொடிக்கு எங்கே போவது?

அந்நாளில் ரேடியோ அதிகாரியைக் கப்பல்களில் மார்க்கோனி என்றே அழைப்பார்கள். எங்கள் மார்க்கோனி, சீஷெல்ஸின் தலைநகராகிய விக்டோரியாவிலிருந்த ஏஜெண்டுக்குத் தந்தி கொடுத்துக் கொடியின் வர்ணனையைக் கேட்டார். மறுநாள் இரவு பதில் வந்தது. ஒரு தேசத்தின் கொடி, கட்டை நெட்டைத் தந்தி ஒலிகளாகக் காற்றில் மிதந்து வந்து, பென்சிலால் ஒரு காகிதத்தில் வார்த்தைகளாக இறங்கியதை அன்று அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மூலைக்கு மூலை குறுக்காக ஓடும் வெள்ளைப் பெருக்கல் குறி. மேலும் கீழும் உள்ள முக்கோணங்கள் நீலம். இருபக்க முக்கோணங்கள் சிவப்பு. அவ்வளவுதான். படித்ததும் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கப்பல்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு வைத்திருக்கும் சர்வதேச சமிக்ஞைக் கொடிகளில் ‘எம்’ என்ற எழுத்துக்கு உரியது நீலத் துணியில் வெள்ளைப் பெருக்கல் குறி. அதன் இரு பக்க முக்கோணங்களில் சிவப்பை ஒட்டிவிட்டால் சீஷெல்ஸ் சித்தமாகிவிடும்!

பெட்டியில் வெயிலில் சாயம் சற்று மங்கிய ‘எம்’ ஒன்று உபரியாக இருந்தது. சிவப்புக்கு, வெடிமருந்துச் சரக்கு ஏற்றும்போது பறக்கவிடும் ‘பி’ கொடியின் பழசு ஒன்றைத் தியாகம் செய்தோம். தைத்தவர் எங்கள் கசாபு. அதாவது தளத்துச் சாமான்களைக் காக்கும் பண்டசாலைக்காரர். ரத்னகிரிப் பக்கத்து முதியவர், ஐந்து வேளையும் தொழுபவர், பாய்மரத் தையல் கற்ற கடைசித் தலைமுறை. உள்ளங்கையில் தோல்பட்டை மாட்டிக்கொண்டு, நூலைத் தேன்மெழுகில் தேய்த்து, மேல்தளத்து நிழலில் சப்பணமிட்டு உட்கார்ந்து அவர் தைத்த தையலின் உட்புறமும் வெளிப்புறம்போலவே இருந்தது. பாதி தைக்கையில் தலைநிமிராமலே, “இன்னும் எத்தனை முல்க்கு பாக்கி இருக்கிறது, சாப்?” என்று கேட்டார். ஆப்பிரிக்காக் கரையின் புது தேசங்கள் பலவற்றுக்கும் அவர் கையாலேயே கொடி தைத்திருக்கிறார். அரசியல் சட்டம் எழுதியவர்களின் பெயர்களைச் சரித்திரம் வைத்துக்கொள்கிறது. கொடி தைத்த கசாபுகளின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

கேப்டன் வந்து பார்த்தார். தேசக் கொடிக்கு வேண்டிய நீளம் இல்லையே என்று முதலில் முனகினார், பிறகு, “எப்படி ஏற்றினாலும் தலைகீழாகாத கொடி. இதற்காகவே இவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்” என்றார். ‘எம்’ கொடிக்குச் சமிக்ஞைப் புத்தகத்தில் உள்ள அர்த்தம், என் கப்பல் நின்றுவிட்டது, நீரில் நகராதிருக்கிறேன் என்பது. இதை வைத்துச் சாப்பாட்டு மேஜையில் பரிகாசம் எழுந்தது. முதல் அதிகாரி ஜனத்தொகையைப் பற்றிப் பேசினார். அறுபதினாயிரம் பேர் சேர்ந்து ஒரு ஜனாதிபதி, ஒரு பிரதம மந்திரி, ஒரு தேசிய கீதம் வைத்துக்கொள்வதாவது! தசரதனுடைய அந்தப்புரம்கூட இதே எண்ணிக்கைதான், அவர்களும் தனிநாடு கேட்டிருக்கலாம் என்று நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பு கரைக்குப் போகும்வரைதான்.

மாஹேவின் சிகரம் 905 மீட்டர்; நல்ல வெளிச்சத்தில் ஐம்பது அறுபது கடல்மைல் தூரத்திலேயே தென்பட வேண்டும். ஆனால் அத்தீவு தன் தலையை மேகத்துக்குள் வைத்திருக்கும் நாட்களே அதிகம். விடியற்காலையில் செக்ஸ்டன்ட் கருவியால் நட்சத்திரங்களை அளந்து நான் குறித்த இடத்தின்படி, தீவு எங்கள் வலப்புற முகப்பில் இருந்தாக வேண்டும். கண்ணுக்கோ மேகக்கூட்டங்கள் மட்டுமே தெரிந்தன. அவற்றுள் மற்றவை யாவும் காற்றோடு நகர, ஒன்று மட்டும் நகராமல் அடிக்கருமையோடு நின்றது. அதன் கீழே மலை என்று சுக்கானியிடம் சொன்னேன். இது கடல்நூல் எதிலும் படித்தே ஆகவேண்டிய வித்தையன்று. காச்சிராயபாளையத்தில், கோமுகி ஆறு கல்வராயன் மலையை விட்டு இறங்கும் இடத்தில் பிறந்தவனுக்கு இது பிறவி ஞானம். ஐப்பசி மாதத்தில் மேற்கே பார்த்தால் மலை இராது. மலை இருக்கவேண்டிய இடத்தில் நகராத மேகம் இருக்கும். அதைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டில் நெல்லைக் களத்திலிருந்து அள்ளுவார்கள்.

பகல் ஏறியதும் மேகம் கிழிந்து கருங்கல் தெரிந்தது. நான் அசந்துபோனேன். சமுத்திரத்தின் நடுவிலுள்ள தீவுகள் எரிமலை கக்கியவையாக இருக்கும், அல்லது பவழம் கட்டியவையாக இருக்கும். அப்படித்தான் நான் கண்டிருந்தேன். இங்கோ கரும்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, மழைநீர் வழிந்த தடங்களோடும், இடுக்குகளில் தொற்றிய மரங்களோடும் நின்றன. அவை சுமார் 75 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கருங்கற்கள் என்றும், இந்திய நிலப்பகுதியோடு ஒட்டியிருந்து, பாரதம் வடக்கே நகர்ந்தபோது ஏறத்தாழ 6½ கோடி ஆண்டுகளுக்கு முன் பிய்ந்து நின்றுவிட்ட துண்டு என்றும் பூகர்ப்ப சாஸ்திரிகள் கூறுவதைப் பின்னால் படித்தேன். படிக்குமுன்பே என் கண் அதைப் பந்துக்களின் முகமாகக் கண்டுகொண்டது.

பெயரிலும் ஒரு பந்தம் உண்டு. 1746இல் சென்னையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த லபூர்தொனேயை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்கள் அறிவார்கள். அவர் மொரீஷியஸில் கவர்னராக இருந்தபோது அனுப்பிய மாலுமி லசார் பிக்கோல் என்பவன், தன் எஜமானின் பெயரையே இந்தத் தீவுக்குச் சூட்டினான். மாஹே என்பது லபூர்தொனேயின் பெயரில் ஒரு பகுதி. 1770இல் முதன்முதலாக இங்கே குடியேறியவர்கள் எங்கள் கப்பல் நங்கூரமிட்ட இடத்துக்கு எதிரே இருந்த செயின்ட் ஆன் தீவில்தான் இறங்கினார்கள். அந்தச் சிறு கூட்டத்தில் வெள்ளையர் பதினைவரும், ஆப்பிரிக்க அடிமைகள் சிலரும், இந்தியர் ஐவரும் இருந்தனர். அந்த ஐவர் எந்த ஊர், என்ன பெயர் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. அதன்பிறகு 1814இல் பாரிஸ் உடன்படிக்கையால் தீவுகள் ஆங்கிலேயர் கைக்கு மாறின. அசாந்தி ராஜா பிரெம்பே முதல் சைப்ரஸின் மக்காரியோஸ் ஆண்டகை வரை, ஆங்கிலேயருக்குப் பிடிக்காத மனிதர்களைக் கொண்டுவந்து வைக்கும் இடமாகவும் ஆயின.

பைலட் ஏறி வந்ததும் முதலில் அண்ணாந்து பார்த்தது எங்கள் வலப்புறக் குறுக்குக் கட்டையைத்தான். ஒரு கணம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். சுகாதார அதிகாரியும் குடிநுழைவு அதிகாரியும் பின்னால் வந்தார்கள். குடிநுழைவு அதிகாரிக்கு வயது இருபத்தைந்துக்கு மேல் இராது. அவர் கொண்டுவந்த படிவங்கள் பழைய காலத்தவை; தலைப்பில் காலனி என்று அச்சாகியிருந்த இடத்தை, ஒவ்வொரு தாளிலும் அளவுகோல் வைத்து மையால் கோடிட்டு அடித்து, மேலே அழகிய கையெழுத்தில் குடியரசு என்று எழுதியிருந்தது. கட்டுக்கட்டாக இருந்த படிவங்கள் அத்தனையிலும் அவ்வாறே. இதையெல்லாம் யார் எழுதினார்கள் என்று கேட்டேன். “நானும் என் சகோதரியும், ராத்திரிகளில்” என்றார் அவர், மிகச் சாதாரணமாக. முதல் அதிகாரி அந்தத் தாளைக் கையில் வாங்கிச் சற்று நேரம் பார்த்தார். ஜனத்தொகையைப் பற்றிய பேச்சு அதன்பின் எங்கள் மேஜையில் எழவில்லை.

கரை இறங்கும் அனுமதி கிடைத்து விக்டோரியாவுக்குள் நான் நடந்தது ஒரு முற்பகலில். தலைநகர் என்பார்கள், நம் சங்கராபுரத்துக் கடைத்தெருவை மலைக்கும் கடலுக்கும் நடுவில் வைத்து, வெள்ளியடித்த ஒரு கடிகாரக் கோபுரத்தை நாற்சந்தியில் நட்டால் ஏறத்தாழ அந்த ஊர் வந்துவிடும். லண்டனில் உள்ள ஒரு கோபுரத்தின் நகலாக 1903இல் எழுப்பியது அது. சற்றுத் தள்ளியிருந்த கத்தோலிக்க தேவாலயத்தின் கடிகாரமோ ஒவ்வொரு மணியையும் இருமுறை அடிக்கும். ஒருமுறை அடித்துச் சிறிது நேரம் கழித்து மறுமுறை. தினந்தோறும் காலையில் குரோனாமீட்டருக்குச் சாவி கொடுத்து, அரை வினாடி பிசகினாலும் கணக்கில் எழுதிக்கொள்ளும் உத்தியோகத்தில் இருந்தவனுக்கு, நேரத்தை இப்படி இரண்டாந்தரமும் தாராளமாக வழங்கும் ஊரைக் கண்டு முதலில் எரிச்சலாகவும் பிறகு ஆறுதலாகவும் இருந்தது.

சந்தையில் முருங்கைக் கீரைக் கட்டுகளைக் கண்டேன். சுறாமீனை வேகவைத்துத் துருவிப் புளிப்பும் காரமும் சேர்த்த ஒரு சட்னியையும் கண்டேன், நம் கடற்கரையின் சுறாப்புட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. சந்தையைவிட்டு வெளியே வந்து கடைகளின் பெயர்ப் பலகைகளை வாசித்தபோதுதான் கால் நின்றது. பிள்ளை, நாயுடு, செட்டி என்று வரிசையாக இருந்தன. ஒரு பலகையில் படையாட்சி என்று இருந்தது. தென்னார்க்காட்டான் ஒருவன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு நடந்து போய்விட முடியுமா?

உள்ளே எழுபதை எட்டிய பெரியவர் ஒருவர், முண்டாபனியனும் வேட்டியுமாக, அரிசி மூட்டைகளுக்கு நடுவே இருந்தார். பின்னால் புகை படிந்த முருகன் படம்.

“வணக்கம் ஐயா” என்றேன்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “கப்பல் தம்பியா? எந்த ஊரு?”

“கள்ளக்குறிச்சிப் பக்கம், காச்சிராயபாளையம்.”

“அது எங்க வருது? மாயவரத்துக்கு மேற்கயா?”

“ரொம்ப மேற்கே ஐயா. சேலத்துக்குக் கிட்டே, மலையடி.”

“மலையா!” என்றவர், கடைக்குப் பின்னால் செங்குத்தாக நின்ற கருங்கல்லைக் கைகாட்டி, “அப்ப ஒனக்கு இது புதுசில்ல. மொத மொதல்ல வந்தப்ப நான் அழுதுட்டேன் தம்பி. சமதரையே இல்லையேன்னு” என்றார்.

அவர் தம் மாமாவின் கடைக்குக் கணக்கெழுதப் பதினாறு வயதில் வந்தவர். பிள்ளைகள் கத்தோலிக்கப் பள்ளியில் படித்து, கிரியோல் பேசி, தேவாலயத்துக்குப் போகிறவர்கள். அந்த ஊரில் அன்று தமிழர்க்கென்று ஒரு கோயில் கிடையாது. நவசக்தி விநாயகர் கோயில் வந்தது 1992இல்தான். அவருக்குப் பெரிய குறை ஒன்று இருந்தது. “கம்பாலா கப்பல் ஒடஞ்சு போச்சு. கரஞ்சாவையும் இந்த வருசம் வித்துட்டாங்களாம். பம்பாய்க் கப்பல் வந்தாத்தான் நமக்கு விகடன், கல்கி. ஏரோப்ளேன்ல வர்றவங்க துணியில்லாம மணல்ல படுக்க வர்றாங்க. அவங்க யாரு தமிழ்ப் பத்திரிகை கொண்டாருவாங்க?” என்றார். 1971இல் திறந்த விமான நிலையம் ஊருக்கு உல்லாசப் பிரயாணிகளைக் கொண்டுவந்தது. அவரிடமிருந்து அவருடைய சொந்த ஊரை அது பிரித்துவிட்டது.

சுதந்திர இரவைப் பற்றிக் கேட்டேன். அவர் குரல் மாறிற்று. நள்ளிரவில் பழைய கொடி இறங்கிப் புதியது ஏறியபோது தாம் கூட்டத்தில் நின்றதையும், அணிவகுப்பில் நம் கடற்படைக் கப்பலான நீலகிரியின் சிப்பாய்கள் நடந்ததையும் சொன்னார். “நீலகிரின்னு கப்பலுக்குப் பேரு பாத்தியா! நம்ம மலை இங்க வந்து நடந்துச்சு” என்றார். சில்லறை கொடுக்கும்போது கல்லாவிலிருந்து இரண்டு காசுகளை எடுத்து மரமேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் எலிசபெத் மகாராணி. மற்றதில் ஜனாதிபதி ஜேம்ஸ் மன்சாம், புத்தம்புதியவர். இரண்டுக்கும் ரூபாய் என்றே பெயர், இரண்டும் அந்தக் கல்லாவில் சண்டையில்லாமல் கிடந்தன. “ராணி காசக் குடுத்தா வாங்கிக்கறாங்க. இவரு காசக் குடுத்தா, திருப்பித் திருப்பிப் பாத்துட்டு வாங்கிக்கறாங்க” என்று சொல்லிச் சிரித்தார். அந்த நாட்டு அரசியலைப் பற்றி அன்றைக்கு யார் எழுதிய கட்டுரையிலும் இதைவிடத் தெளிவான மதிப்பீடு இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

பிற்பகலில் அவருடைய பேரன் தன் சிறு லாரியில் என்னை ஏற்றிக்கொண்டான். தாவரத் தோட்டத்தில் அல்டாப்ரா ஆமைகளையும், 1956இல் எடின்பரோ கோமகன் நட்டதாகப் பலகை வைத்திருந்த இரட்டைத் தேங்காய் மரத்தையும் பார்த்தேன். உலகின் மிகப் பெரிய வித்து அந்த மரத்துடையது. பிராலின், கியூரியூஸ் என்னும் இரு தீவுகளைத் தவிர வேறெங்கும் அது தானாக முளைப்பதில்லை. அந்தத் தீவுகள் இருப்பதே தெரியாத காலத்தில், அலைகள் ஒதுக்கிய ஓடுகளைக் கண்டு கடலடியில் ஒரு மரம் இருப்பதாக நம் முன்னோர் நம்பினார்கள். அதன் ஓட்டையே ஆண்டிகள் கமண்டலமாக ஏந்தினார்கள். எங்கள் ஊர்ச் சித்த வைத்தியர் கடல் தேங்காய் என்று இழைத்துக் கொடுத்த மருந்துக்கு மரம் இதுதான் என்று அண்ணாந்து நின்றபோது, வைத்தியரே அதைப் பார்த்ததில்லையே என்ற எண்ணம்தான் முதலில் வந்தது.

அங்கிருந்து வண்டி சான் சூசி மலைப்பாதையில் ஏறியது. இதை எழுத வேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரையையே தொடங்கினேன். வளைவுக்கு வளைவு கருங்கல்லும் ஓடையும் வர, பாதையின் இருபுறமும் லவங்க மரங்கள் காடாக நின்றன. 1772இல் பியேர் புவாவ்ர் என்பவர் இங்கே ஒரு வாசனைத் தோட்டம் வைக்கச் செய்தார். சில ஆண்டுகளில், வந்தது எதிரிக் கப்பல் என்று எண்ணிப் பிரெஞ்சுக்காரர் தாங்களே அத்தோட்டத்தைக் கொளுத்திவிட்டார்கள். வந்ததோ பிரெஞ்சுக் கப்பல். ஆனால் பறவைகள் பழத்தைத் தின்று வித்தை மலை முழுதும் விதைத்துவிட்டிருந்தன. நான் போன காலத்தில் பட்டை உரிப்பது மலைவாசிகளின் தொழில்களில் ஒன்றாயிருந்தது. வழியில் ஒரு கிழவரும் அவர் மருமகளும் உரித்த பட்டையைத் தகரத்தின்மேல் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். கிழவர் மரத்தடியில் ஒரு கீறல் போட்டு, கத்தியின் முதுகால் தட்டி, பட்டையை ஒரே இழுப்பில் உரித்துக் காட்டினார். நிலம் அவருடையதா என்று பேரன் மூலம் கேட்டேன். இல்லை, கீழே கடலோரத்துத் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு குடும்பத்துடையது. நிலத்துக்குத் தனியாக அவர்களுக்கு வேலை செய்துகொடுக்க வேண்டும். கொடி மாறியதும் அதுவும் மாறும் என்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அவர் பட்டையைப் புரட்டிப்போடப் போய்விட்டார்.

எங்கள் தகப்பனார் காச்சிராயபாளையத்தில் கடுக்காய்க்கும் புளிக்கும் மண்டி வைத்திருந்தவர். கல்வராயன் மலைமேல் சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்கள் இருந்தன. கிருஷ்ணதேவராயர் காலத்து மானியம் என்று அவற்றைச் சொல்வார்கள். 1947இல் தேசம் சுதந்திரம் பெற்றதும், 1948இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்ததும் அடிவாரத்தோடு நின்றுவிட்டன. மேலே ஜாகீர்தார்தான் வரி வாங்கினார், வழக்குத் தீர்த்தார். எங்கள் மண்டிக்கு மலையாளிக் கவுண்டர்கள் தலைச்சுமையாகக் கடுக்காய் கொண்டுவருவார்கள். அது மரத்திலிருந்து உதிர்ந்த காயானாலும் மரம் நிற்கும் மண் யாருடையது என்ற கேள்வி அந்தச் சுமைக்குள் இருந்துகொண்டேயிருக்கும். சிறுவனாயிருந்தபோது அதை நான் கவனித்ததில்லை. சான் சூசி மலையில் லவங்கப்பட்டையின் வாசனைக்கு நடுவே அது நினைவுக்கு வந்ததும், பம்பாயில் பத்திரிகைத் துணுக்காகப் படித்து மறந்திருந்த இன்னொரு செய்தியும் கூடவே வந்தது. தமிழ்நாட்டில் குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்த அதே 1976இல், எங்கள் மூன்று ஜாகீர்களும் முடிவுக்கு வந்து, கல்வராயன் மலை சர்க்காரின் நேர் நிர்வாகத்துக்குள் வந்திருந்தது. நடுக்கடலின் அறுபதினாயிரம் பேரும் எங்கள் மலையின் ஜனங்களும் ஒரே வருஷத்தில் கைமாறியிருக்கிறார்கள்! முன்னதற்குக் கொடி, கீதம், காசு, நீலகிரிச் சிப்பாய்கள். பின்னதற்கு ஓர் அரசாங்க உத்தரவு. அதை மலைமேல் யாரேனும் படித்துக் காட்டினார்களோ என்னவோ.

கப்பல் கொப்பரையும் பட்டையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. கொப்பரை சூடேறித் தானே பற்றிக்கொள்ளக்கூடிய சரக்கு. கொப்பரை வண்டுகளோ சாம்பாரிலும் தலையணையிலும் சமபாவனையுடன் வசிக்கும். அந்தப் பிரயாணத்தை அதிகம் வர்ணிக்காமல் விடுவதே நல்லது.

கசாபு தைத்த கொடிக்கு ஆயுள் சொற்பம். 1977 ஜூன் 5ஆம் தேதி, ஜனாதிபதி மன்சாம் காமன்வெல்த் மகாநாட்டுக்காக லண்டன் போயிருந்த வேளையில், பிரதம மந்திரி பிரான்ஸ் ஆல்பர் ரெனேயின் ஆட்கள் ஆட்சியைக் கைப்பற்றினார்கள். கொடியும் மாறியது: மேலே சிவப்பு, கீழே பச்சை, நடுவே அலையாக ஒரு வெள்ளை. 1996இல் அதுவும் போய், கொடியடியிலிருந்து விசிறியாகப் பிரியும் ஐந்து வர்ணங்கள் வந்தன. 1977இல் புதுக் கொடியின் செய்தி எங்களுக்கு வந்தபோது, பழையதிலிருந்து சிவப்பைப் பிரித்தெடுத்துவிட்டு ‘எம்’மை அதன் பெட்டிக்கே திருப்பிவிடலாமா என்று கேட்டேன். கசாபு தம் தையலைப் பிரிக்கச் சம்மதிக்கவில்லை.

அதே 1977இல் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது கரியாலூர்ப் பக்கம் மலையேறினேன். மண்டிக்குக் கடுக்காய் போட்டுவந்த பழைய கவுண்டர் ஒருவர் இன்னும் திடமாக இருந்தார். சாமைக் கொல்லையின் ஓரத்தில் உட்கார்ந்து தீவின் கதையைச் சொன்னேன். கொடி மாறியதை அவர் சிரத்தையில்லாமல் கேட்டார். பட்டை உரிக்கும் கதை வந்ததும் நிமிர்ந்தார்.

“அந்தப் பட்டைக்காரனுக்குப் பட்டா குடுத்துட்டாங்களா தம்பி?”

“நான் போனப்பக் குடுக்கல கவுண்டரே. இப்ப புது ஆளுங்க வந்திருக்காங்க.”

“இங்கயும் குடுக்கப் போறதாச் சொல்றாங்க. சர்வேக்காரன் வருவானாம்” என்றவர் எழுந்து நடந்தார். கொல்லையின் நான்கு மூலைகளிலும் அவரே கல் நட்டு வைத்திருந்தார். வருகிறவன் சங்கிலியை எங்கே வேண்டுமானாலும் பிடிப்பான், அதற்கு முன்னால் நம் கையில் ஒரு கணக்கு இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். “கடல்ல தெச பாக்கற புள்ள நீ. இத ஒரு தடவ பாத்துக் குடு” என்றார்.

என் சட்டைப் பையில் சிறு திசைகாட்டி ஒன்று எப்போதும் இருக்கும். தென்மேற்கு மூலைக் கல்லின்மேல் அதை வைத்து, பலாமரத்துக்கும், ஓடையின் நடுப்பாறைக்கும், எதிர்க்கரைக் கல்லுக்கும் ஒவ்வொன்றாகத் திசை எடுத்தேன். தூரத்தை அவர் பேரன் தப்படியால் அளந்தான். அவனுடைய பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தின் கடைசித் தாளில் பாகைகளையும் தப்படிகளையும் எழுதித் தேதியிட்டேன். கவுண்டர் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். அதன் கீழே உத்தியோகத்தையும் எழுது, வருகிறவன் பார்த்து மரியாதை வைப்பான் என்றார். கப்பல் இரண்டாம் அதிகாரி என்று எழுதிக் கொடுத்தேன்.